நாக்கு எட்டாத இடம்

பொறாமையில்தான் தொடங்க வேண்டும். மரியாதைக்காக வேறெங்காவது தொடங்கினால் அது பொய்யாகிவிடும்.

"அந்தக் காலத்துல பூனைக்கெல்லாம் எப்படி சார் வைத்தியம் பார்த்தீங்க? நம்ம சங்க மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டவர்கள் எங்கள் கால்நடை ஆய்வாளர் சங்கத்தில் இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள். அவர்கள் எதிர்பார்ப்பது சாதனை. என்னிடம் இருப்பது வயிற்றெரிச்சல். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். ஓரிடத்தில் உட்காராத புத்தி. ஆனால் இந்த எரிச்சல் மட்டும் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் என் பூனை மிளகைத் தூக்கிக்கொண்டு படப்பைக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு மருத்துவமனை. பூனைக்குத் தனி வாசல், தனி அறை. நாயின் குரல்கூடக் கேட்காது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கூடையை மோந்து பார்த்தார்.

"இன்னா சார், மீனா?"

"பூனைங்க. ஆஸ்பத்திரிக்குப் போகுது."

"நோவா?"

"நோவெல்லாம் இல்ல. சும்மா பாத்துட்டு வரலாம்னு."

"எங்க மாமியாரு நெஞ்சு வலிக்குதுன்னு மூணு நாளா சொல்லிக்கினு கீது. அதையே நான் இன்னும் காட்டல" என்றார். ஆட்டோ முழுவதும் சிரித்தது.

மருத்துவர் சின்னப் பெண். கூடையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் தரையில் உட்கார்ந்துகொண்டார். மிளகு தானாக வெளியே வரும்வரை என்னோடு மழையைப் பற்றிப் பேசினார். வந்ததும் ஒரு துண்டை விரித்து, அதிலேயே அவனைச் சுற்றி, முன்னங்காலில் ஒரு பட்டையைக் கட்டினார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. பூனைக்கு. என் சுண்டுவிரலுக்கு மோதிரம் போல இருந்தது அது. காதோரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு, சர்க்கரை தெரிந்துவிட்டது. காலிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்தார். நான் அவர்கள் கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் பெட்டி காகிதத்தைத் துப்பியது. வயிற்றில் பசையைத் தடவித் திரையில் சிறுநீர்ப்பையைக் காட்டினார். கறுப்பாக, நிறைந்து, அழகாக இருந்தது.

"கிட்னி கொஞ்சம் கவனிக்கணும் அங்கிள். இன்னும் ஒண்ணும் ஆகல. இப்பவே தெரிஞ்சது நல்லது. சாப்பாட்டை மாத்திடலாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டு வாங்க."

ஒன்றும் ஆகாதபோதே தெரிந்துகொள்வது. எங்களிடம் வந்த பூனைகள் எல்லாம் எல்லாமே ஆன பிறகு வந்தவை. அந்தப் பெட்டியைப் பார்த்தேன், பட்டையைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் வயதைப் பார்த்தேன். உள்ளுக்குள் புகைந்தது.

கடைசியாக அவர் ஒரு சின்னக் குழாயை எடுத்தார், சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தெள்ளுப்பூச்சிக்கு. மிளகின் பிடரியில் மயிரை இரண்டாக வகிர்ந்து, தோல் தெரிந்த இடத்தில் சொட்டு விட்டார்.

"இங்க மட்டும்தான் அங்கிள் இவன் நாக்கு எட்டாது. மருந்து தோலோட பரவிக்கும். நக்க முடியாது, பயமே இல்ல."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கிள்? தலை சுத்துதா? உக்காருங்க."

தலை சுற்றவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்றில் ஒரு மனிதர் இதே இடத்தில், இதே பிடரியில், விரலை வைத்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அவருக்கு இடம் தெரிந்திருந்தது. மருந்து இல்லை.

அந்த மருந்தகம் எந்த ஊரில் இருந்தது என்று எழுதப்போவதில்லை. சுங்குவார்சத்திரத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும், அவ்வளவு போதும். ஒரு கட்டடம், ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்த இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்று. கால்நடை ஆய்வாளர்களாக நானும் தேவராஜும். ஒரே வருடம், ஒரே பயிற்சி, வகுப்பில் ஒரே பெஞ்சு. பயிற்சியைப் பற்றி எழுத ஒரு வரி போதும்: மாடு, மாடு, மாடு, கொஞ்சம் ஆடு. பூனை என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது, வெறிநோயைப் பற்றிய பக்கத்தில்.

எங்கள் மருத்துவர் சாரங்கபாணி. மதுரைப் பக்கத்துக்காரர். விலங்கைத் தொடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேல்பையில் போடுவார். பசுவானாலும் சரி, சொறிபிடித்த நாய்க்குட்டியானாலும் சரி, கழற்றாமல் தொட்டதில்லை. வெப்பமானியைக் கழுவி, துடைத்து, தன் அக்குளில் வைத்துக்கொள்வார். "சில்லுனு உள்ள விட்டா உனக்கு எப்படிய்யா இருக்கும்?" பூனை வந்தால் குரலை இறக்கிவிடுவார். "வாங்க, என்ன செய்யுது, எத்தனை நாளா சாப்பிடலை?" பூனைகளுக்கு நீங்க. எங்களுக்கு வாய்யா, போய்யா. எங்களையும் அவர் நீங்க என்று சொல்வது ஒரே சமயத்தில்தான்: உண்மையாகக் கோபம் வந்தால். கத்தமாட்டார். குரல் தணியும், 'யா' உதிர்ந்துவிடும், 'நீங்க' வந்து நிற்கும். அதற்கு நாங்கள் இருவரும் நடுங்குவோம்.

தேவராஜ் மண்ணூர்க்காரன். அவன் கையில் பூனை ஈரத்துணி மாதிரி தொங்கும். என் கையில் அதே பூனை கத்தரிக்கோல். நான் கன்றுக்குட்டியை அமுக்குகிற மாதிரி அமுக்குவேன். கை முழுக்கக் கீறல். அவன் தன் சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டு, பீடி பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள்ளிருந்து உறுமல் கேட்கும். கோப உறுமல் இல்லை, அந்த மற்ற உறுமல், தையல் மிஷின் ஓடுகிற மாதிரி.

சினை ஊசி போடுவதில் அந்த வட்டாரத்திலேயே என் கைதான் சுத்தம். அதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், தேவராஜும்தான். ஆனாலும் வாசலில் சத்தம் கேட்டால் மருத்துவர் சொல்வது இப்படித்தான் இருக்கும்: "குமரேசா, மாடு வந்திருக்கு பாரு." "தேவராஜ், ஓடி வாய்யா, பூனை வந்திருக்கு." பாரு என்பதற்கும் ஓடி வா என்பதற்கும் இடையே இருந்த அந்த வித்தியாசத்தில்தான் நான் குடியிருந்தேன். இரவில் படுத்தால் அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

வருகிற பூனைகள் வீட்டுப் பூனைகள் அல்ல. பெரும்பாலும் கம்பெனிப் பூனைகள். நெடுஞ்சாலையை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன ஆலைகள் முளைத்திருந்தன. ஒன்றில் மின்சார வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்புவார்கள். வயர் உறையை எலி விடாது. அதனால் ஸ்டோர்ஸில் ஒரு பெண் பூனை இருந்தது, சாம்பல் நிறம், வாலில் மட்டும் கறுப்பு வளையங்கள். பெயர் ஷிப்டு.

"மூணு ஷிப்டும் அதான் சார் பாக்குது. லீவே கெடையாது. அதான் அந்தப் பேரு" என்று சொன்னவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஏகாம்பரம். நாற்பது வயது இருக்கும், தனியாள். ஷிப்டுவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டுதான் சைக்கிள் மிதிப்பார்.

அன்று மருத்துவரும் தேவராஜும் விடியற்காலையிலேயே கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டார்கள். மருத்துவர் தன் ஸ்கூட்டரில் மண்ணூருக்குப் போய், தேவராஜை வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு, அப்படியே முகாமுக்கு. மருந்தகத்தில் நான் மட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பத்து மணிக்கு ஏகாம்பரம் வந்தார். தோளில் ஷிப்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டே.

"தேவராஜ் சார் இல்லியா?"

"இல்ல. என்ன?"

"தெள்ளு சார். ஒடம்பு பூரா. லைன்ல வேல செய்ற பொண்ணுங்க காலெல்லாம் கடிச்சி வெச்சிருக்குது. நாளைக்கு யாரோ பெரிய ஆளுங்க பாக்க வராங்களாம். அதுக்குள்ள தெள்ளு போவலன்னா பூனைய கோணில போட்டு ஏரியாண்ட விட்டுடுன்னு மேனேஜரு சொல்லிட்டாரு. இது போச்சுன்னா எலி மருந்துதான் வெப்பாங்க. அதத் தின்னுட்டு எலி எங்க பூந்து சாவும்னு தெரியாது." பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். "சரி, அவரு வரட்டும் சார். சாயந்தரமா வரேன்."

திரும்பிவிட்டார். போயிருப்பார். இரண்டு அடி வைத்துவிட்டார்.

"ஏங்க, எனக்குத் தெரியாதா? கொண்டாங்க இங்க."

மாட்டுக்கு உண்ணி வந்தால் நாங்கள் போடுவது பி.எச்.சி. பவுடர். பிறகு அதைத் தடை செய்துவிட்டார்கள். அப்போது அலமாரியில் தகர டப்பாவில் நிற்கும், மக்கிப்போன நெடி அடிக்கும். உண்ணிக்குக் கேட்கிறது, தெள்ளுக்குக் கேட்காதா? பசுவுக்கு இரண்டு கை அள்ளிப் போடுவோம். பூனைக்கு அரைக் கை என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். ஏகாம்பரம் பிடித்துக்கொள்ள, தலையிலிருந்து வால்வரை தூவி, மயிருக்கு எதிராகத் தேய்த்து, வயிற்றிலும் தேய்த்தேன். அவர் தோளில் இருந்ததால் என்னைக் கீறவில்லை. அதுவே எனக்கு வெற்றி மாதிரி இருந்தது. ஷிப்டு தோளில் இருந்தபடியே முன்னங்காலைத் தூக்கி நக்கத் தொடங்கியது.

"நக்குதே சார்?"

"நக்கட்டும். உள்ள போனாலும் பூச்சிக்கு நல்லதுதான்."

இந்த வார்த்தையை நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். பசுவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. பசு எட்டின இடத்தில் இரண்டு நக்கு நக்கிவிட்டு அசைபோடப் போய்விடும். பூனை அப்படி இல்லை. உடம்பில் ஒட்டிய ஒவ்வொரு துகளையும் நாக்கால் எடுத்துச் சுத்தம் செய்யாமல் அது ஓயாது. தோலில் போட்டது எல்லாம் வயிற்றுக்குப் போகும். நான் அதற்கு மருந்து போடவில்லை, விஷத்தை ஊட்டி அனுப்பினேன்.

மூன்று மணிக்கு முகாமிலிருந்து இருவரும் திரும்பினார்கள். மருத்துவர் மண்பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது கம்பெனி வாட்ச்மேன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார்.

"ஸ்டோர்ஸ்காரரு லோடு எறக்கினு கீறாரு. வுட்டுட்டு வர முடியல, என்ன அனுப்பிச்சாரு. இன்னாவோ ஆய்டுச்சி சார் இதுக்கு."

பெட்டிக்குள் ஷிப்டு. மீசை துடித்துக்கொண்டிருந்தது. காது துடித்தது. முகத்தின் தோல் அலை அலையாக ஓடியது. வாட்ச்மேன் பெட்டியை மேசையில் வைத்த சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்து, கால்கள் காற்றில் உதைத்தன. வாயில் நுரை. மருத்துவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"எலி மருந்து ஏதும் தின்னுச்சாய்யா?"

"எங்க கம்பெனில எலி மருந்தே வெக்கல சார். இந்தப் பூன இருக்கறதாலதான வெக்கல."

"வேற ஏதாவது நாய், நரி கடிச்சுதா? ஒரு வாரமா எங்கயாவது காணாமப் போயிருந்துச்சா?"

"அது ஊரு சுத்தற ஜாதி சார். எனக்கின்னா தெரியும்."

"உன்னைக் கடிச்சுதாய்யா?"

வாட்ச்மேன் கையைக் காட்டினார். கட்டைவிரலில் இரண்டு புள்ளி. பெட்டியில் போடும்போது பட்டதாம்.

மருத்துவர் முகம் மாறியது. பயிற்சிப் புத்தகத்தில் பூனை வந்த அந்த ஒரே பக்கத்துக்குத்தான் அவரும் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெறி என்றால் வேறு வழி இல்லை. பூனையை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிட வேண்டும். வாட்ச்மேனுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி. வாட்ச்மேனை சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லிவிட்டு, மருத்துவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "காலைல இங்க வந்துச்சா இது? யாராவது ஏதாவது குடுத்தீங்களா?"

நான் சொல்லவில்லை.

எத்தனை நொடி என்று தெரியாது. பெரிய ஊசிக்குழாய் கொதிநீரிலிருந்து வெளியே வந்தது. மருந்துக் குப்பியின் மூடியை அவர் பஞ்சால் துடைத்தார். என் நாக்கு வாய்க்குள் ஒரு பொருளாகக் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைத் தேவராஜ் எதிரில் சொல்ல வேண்டும். அதுதான் முடியவில்லை. வேறு யார் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தேவராஜ் பெட்டிக்குள் குனிந்தான். ஷிப்டுவின் முதுகில் மூக்கை வைத்தான். நிமிர்ந்து என் சட்டைக் கையைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"சார், நான்தான் சார். காலைல தெள்ளுக்கு பி.எச்.சி. போட்டேன். அதான் சார் இது."

மருத்துவர் அவனைப் பார்த்தார். விடியற்காலையில் மண்ணூரில் வீட்டு வாசலிலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், மூன்று மணிவரை தன் பக்கத்திலேயே வைத்திருந்த ஆள். பார்த்துவிட்டு, ஊசிக்குழாயைக் கீழே வைத்தார்.

"சரிய்யா" என்றார். "வெந்நி வேணும். சூடா இல்ல, கை பொறுக்கற அளவு. சோப்பு. எடை பாக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "நீங்க சைக்கிளை எடுத்துக்கிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போங்க. வலிப்பை அடக்க டயசிபாம் ஒரு ஆம்பூல். இன்சுலின் போடற சின்ன சிரிஞ்சு ரெண்டு. நம்மகிட்ட இருக்கறது எல்லாம் மாட்டுக்கு."

நீங்க.

போய்விட்டு வந்தேன். அந்த மதியத்தில் நடந்ததை இன்றைய பிள்ளைகளுக்காக ஒன்று விடாமல் எழுதுகிறேன். எடை பார்க்க எங்களிடம் தராசு இல்லை. தேவராஜ் ஷிப்டுவை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து, எதிர் மளிகைக் கடைத் தராசில் படிக்கல்லுக்கு எதிராக நிறுத்தியிருந்தான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மருத்துவர் முன்னங்காலில் அரை பிளேடால் மயிரை வழித்தார். தேவராஜ் கட்டைவிரலால் அமுக்க, நூல் மாதிரி நரம்பு எழும்பியது. சின்ன சிரிஞ்சில் மூன்று கோடு மருந்து. உதைத்துக்கொண்டிருந்த கால் தணிந்தது. பிறகு குளியல், தலையை உயர்த்திப் பிடித்து, மயிர் போகும் திசையிலேயே, நாலு தண்ணீர். ஏகாம்பரம் வேலை முடிந்து மூச்சிரைக்க வந்தபோது கையில் ஒரு டம்ளர் பால்.

"விஷத்துக்குப் பாலு நல்லதுன்னு கேன்டீன்ல குடுத்தாங்க சார்."

"பால் வேண்டாம்யா. எண்ணெய் வேண்டாம். இந்த விஷம் கொழுப்போட சேந்துதான் உடம்புல ஏறும்." பாலை வாங்கி ஓரமாக வைத்தார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஏனோ மூடிக்கொண்டார்.

காதில் பஞ்சு வைத்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, மருந்து அறையை இருட்டாக்கினார்கள். சத்தமும் வெளிச்சமும் பட்டால் வலிப்பு திரும்பும். ஒவ்வொரு வலிப்பும் எத்தனை நொடி, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று குறிக்க வேண்டும். மருத்துவர் மேல்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். தேவராஜ் கையில் கொடுத்தார். "பாத்துக்கய்யா" என்றார்.

அந்தக் கடிகாரத்தை அவர் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர்கள் இருவரும் அந்த இருட்டுக்குள் போனார்கள். ஒரு பொய்யைச் சொன்னவனும், பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டவரும். அந்தப் பொய் என்னுடையது. அதற்குள் எனக்கு இடமில்லை. நான் வெளியே வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். பூனை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா? வேண்டிக்கொண்டேன். கூடவே, அந்தக் கடிகாரம் ஏன் என் கையில் இல்லை என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே மூச்சில்.

மறுநாள் காலை ஷிப்டு எழுந்து தள்ளாடி நடந்து தண்ணீர் குடித்தது. ஏகாம்பரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. குளியலில் பாதித் தெள்ளு போயிருந்தது. மீதியைத் தேவராஜ் பேன் சீப்பால் வாரி வாரி சோப்புத் தண்ணீரில் போட்டான். ஸ்டோர்ஸ் சாக்குகளை வெயிலில் போடச் சொன்னார் மருத்துவர். பார்க்க வந்த பெரிய ஆட்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். ஷிப்டு ஏரிக்குப் போகவில்லை.

பதிவேட்டில் மருத்துவர் முழு வாக்கியங்களாக எழுதுவார். அன்று எழுதியது எனக்கு மனப்பாடம்: "தெள்ளுப்பூச்சிக்காக மாட்டுக்குரிய பவுடரைப் பூனையின் உடல் முழுதும் பூசியதால் நேர்ந்த நஞ்சு. பூசியவர்:" அந்த இடத்தில் முக்கால் வரி வெறுமையாக விட்டிருந்தார். எழுதிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஷிப்டுவின் பிடரியில் விரலை வைத்தார்.

"இதோட நாக்கு எட்டாத இடம் இது ஒண்ணுதான். இங்க மட்டும் போட்டு உடம்பு பூரா கேக்கற மருந்தை எவனாவது ஒருநாள் கண்டுபிடிப்பான். அதுவரைக்கும் நீங்க அந்த டப்பாவைத் தொட வேண்டாம்."

பேனாவை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். வெறுமையான இடம் என் எதிரில் இருந்தது. நான் பேனாவை மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிவிடலாம். தேவராஜை ஜெயிக்க வேண்டும் என்று பூனை வைத்தியம் கற்றுக்கொண்டேன். பழைய புத்தகக் கடையில் தேடினேன். லீவு போட்டுச் சென்னைக்குப் போய்க் கல்லூரி மருத்துவமனையில் ஓரமாக நின்று பார்த்தேன். எந்த மருந்து நாய்க்கு ஆகும், பூனைக்கு ஆகாது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்கிற சாதாரண மாத்திரை பூனையைக் கொல்லும் என்று அந்த வட்டாரத்தில் வீடு வீடாகச் சொன்னவன் நான். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் பூனைகளைப் பிடித்து வந்து கொடுத்தேன். "பூனை குமரேசன்" என்றுகூடச் சொன்னார்கள். நல்ல மனதால் வந்த பெயர் இல்லை அது.

சாரங்கபாணி சார் மாற்றலாகிப் போகும்வரை என்னை நீங்க என்றே சொன்னார். அவர் ஓய்வு பெற்ற பிறகு மதுரைக்கு இரண்டு முறை போனேன், சொல்லிவிட வேண்டும் என்று. இரண்டு முறையும் "வாங்க குமரேசன், உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்றார். காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தேன். நான்கு வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படப்பையில் அந்தப் பெண் கணினிக்கு முன் உட்கார்ந்து கேட்டார்: "தெள்ளு மருந்து எதுக்காவது முன்னாடி ஒத்துக்காமப் போயிருக்கா அங்கிள்?"

"இவனுக்கு இல்லம்மா. வேற ஒரு பூனைக்கு. மாட்டுப் பவுடரைப் போட்டு வலிப்பு வந்துருச்சு."

"ஐயோ. யாரு போட்டது?"

"நான்தான்."

சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன வார்த்தை. அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. "பிழைச்சுதா?" "பிழைச்சுது. அதுக்கப்புறம் பத்து வருஷம் எலி பிடிச்சுது." "அப்போ நல்லாத்தான் பாத்திருக்காங்க" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகவில்லை. கூடையோடு மண்ணூருக்குப் போனேன். தேவராஜ் வீட்டுக்குப் பின்னால் இப்போது ஆலையின் மதில்சுவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அதே பற்றவைக்காத பீடி. நான் கூடையைத் திறந்ததும் மிளகு ஒருமுறை சுற்றிப் பார்த்தான். மூன்று வருடமாக என் மடிக்கு வராதவன், நேராகப் போய் தேவராஜ் மடியில் ஏறிச் சுருண்டான்.

"சொல்லிட்டேன்பா" என்றேன்.

"இன்னா சொல்லிட்ட?"

"பவுடர் போட்டது நான்னு."

"யாராண்ட?"

"படப்பை டாக்டரம்மா கிட்ட."

சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "சாரங்கபாணி சாராண்ட சொல்ல வேண்டியத நேத்து பொறந்த பொண்ணாண்ட சொல்லினு வந்துக்கிற."

"ஏம்பா, அன்னிக்கு எதுக்கு நீ எனக்காகப் பொய் சொன்ன?"

சிரிப்பு நின்றது. உண்மையாகவே புரியாத முகம். "உனுக்காகவா?"

"பின்ன?"

"ஊசில மருந்து ஏத்தப் போறாரு. நீ வாயத் தொறப்பன்னு நான் காத்துக்கினு இருந்தா அது செத்துப் பூட்டிருக்கும். போட்டது நீதான்னு சொன்னா நீ இல்லம்ப, நான் ஆமாம்பேன், அதுல ஒரு பத்து நிமிஷம் போயிடும். பூனைக்கு ஏது டைமு? யாரு போட்டா இன்னா, பவுடருன்னு சாருக்குத் தெரியணும். அதான் சொன்னேன்." மிளகின் காதுக்குப் பின்னால் சொறிந்தான். "நீ அத உனுக்குன்னு நெனச்சிக்கினியா இத்தினி வருஷம்?"

நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுடைய பெருந்தன்மையைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருடம் எரிந்தேன். அது என் பக்கம் திரும்பியதே இல்லை. அந்த அறையில் அவன் பார்த்தது ஷிப்டுவை மட்டும். இப்போது யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? செத்து இருபது வருடமான ஒரு சாம்பல் நிறப் பூனையைப் பார்த்தா?

ஆமாம். அதைப் பார்த்துத்தான்.

"சங்க மலருக்கு எழுதச் சொல்லிக்கிறாங்க" என்றேன்.

"எழுதேன். சாரு ரிஜிஸ்டர்ல காலியா வுட்டாரே, அதையும் சேத்து எழுது."

அந்தப் பதிவேடு இப்போது எங்கே மக்கிப் போயிருக்கிறதோ. அதனால் இங்கே எழுதுகிறேன். பூசியவர்: குமரேசன், கால்நடை ஆய்வாளர். கேட்டபோது சொல்லவில்லை.

இருட்டுவதற்குள் கிளம்பலாம் என்று எழுந்தேன். மிளகு தேவராஜ் மடியில் உறுமிக்கொண்டிருந்தான், தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. பிடித்து இழுத்துக் கூடைக்குள் போட எனக்கு இரண்டு நொடி போதும். கூடையைத் திறந்து கீழே வைத்துவிட்டு, அவனாக வரட்டும் என்று மறுபடியும் உட்கார்ந்தேன். இரண்டு ஷேர் ஆட்டோ போய்விட்டன. அவன் வரவில்லை.